பதவுரைக்குச் சிக்காத பாட்டு



ராக் பாட்டுக்கு உரை சொல்லப் போகிறேன் என்றதும் சிலர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். சிரிக்கலாம். பாட்டை எழுதியவரே அப்படிச் சிரித்தவர்தான்.

1967 நவம்பர் 24 அன்று பீட்டில்ஸ் குழுவின் இசைத்தட்டு ஒன்று இங்கிலாந்தில் வெளிவந்தது. முன்பக்கம் 'ஹலோ, குட்பை'. பால் மெக்கார்ட்னியின் பாட்டு, கேட்டவுடன் வாயில் ஒட்டிக்கொள்ளும், விற்பனையில் முதலிடத்துக்குப் போனது. பின்பக்கம் ஜான் லெனனின் 'ஐ ஆம் த வால்ரஸ்'. தன் பாட்டு பின்பக்கத்துக்குத் தள்ளப்பட்டதில் லெனனுக்குக் கடைசிவரை மனக்குறை. ஆனால் முன்பக்கத்துப் பாட்டுக்கு அர்த்தம் என்ன என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. பின்பக்கத்துக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

வரிகளை இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. என்னென்ன வருகிறது என்று மட்டும் சொல்கிறேன். எல்லாரும் ஒருவரே என்கிற தொனியில் வேதாந்தம் மாதிரி ஆரம்பிக்கிறது. பிறகு போலீஸ்காரர்கள் வருகிறார்கள். காலைப் பலகாரமான கார்ன்ஃப்ளேக்ஸ் வருகிறது. முட்டை மனிதர் ஒருவர் வருகிறார். பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஒருவரை ஒருவர் குமட்டவைப்பதற்காகப் பாடும் அருவருப்பான பாட்டின் துண்டு வருகிறது. ஆங்கிலேயத் தோட்டம், ஈபிள் கோபுரம், பென்குவின், எட்கர் ஆலன் போ. நடுநடுவே தான் ஒரு வால்ரஸ் என்று அறிவிப்பு. அதன் வாலில் மழலை போல் ஓர் ஒலி. வால்ரஸ் என்றால் வடதுருவக் கடலில் வாழ்கிற, நீண்ட தந்தமும் மீசையும் உள்ள பெரிய விலங்கு. ஒரு சொல்லுக்கு மூன்று பாடபேதமும் நான்கு உரையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இப்படி ஒரு பாட்டைக் கண்டால் கை பரபரக்கத்தான் செய்யும்.

இந்தப் பாட்டு பிறந்ததே உரைகாரர்களைச் சீண்டுவதற்காக என்பதுதான் வேடிக்கை. லெனனின் பால்ய சிநேகிதர் பீட் ஷாட்டன் எழுதியிருக்கிறார். ரசிகர் கடிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது லிவர்பூல் குவாரி பேங்க் பள்ளி மாணவன் ஒருவனின் கடிதம் கையில் சிக்கியது. தங்கள் ஆங்கில ஆசிரியர் வகுப்பில் பீட்டில்ஸ் பாடல்களை வைத்து ஆராய்ச்சி நடத்துகிறார் என்று பையன் எழுதியிருந்தான். குவாரி பேங்க், லெனன் படித்த பள்ளி. படித்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. வாத்தியார்களைக் கேலி செய்து படம் போட்டு, 'டெய்லி ஹவுல்' என்ற கையெழுத்துப் பத்திரிகையில் உளறல் கவிதை எழுதி, தேர்வில் கோட்டைவிட்டு, 1957-இல் ஓவியக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தவர். அந்தப் பள்ளியில் இப்போது அவரே பாடம்! விழுந்து விழுந்து சிரித்தாராம். பிறகு ஷாட்டனிடம், நாம் பாடுவோமே அந்த அசிங்கப் பாட்டு, அது எப்படிப் போகும் என்று கேட்டு வாங்கி, வாய்க்கு வந்ததையெல்லாம் சேர்த்து எழுதிவிட்டு, இதற்கு அர்த்தம் கண்டுபிடிக்கட்டும் பார்ப்போம் என்று மேடையில் சொல்ல முடியாத ஒரு வசவையும் சேர்த்துச் சொன்னாராம்.

பொதுவாகக் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். எழுதியவரே உளறல் என்று சொல்லிவிட்டார், மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது என்று. எனக்கு அது சோம்பேறித்தனமாகப் படுகிறது. ஏனென்றால் அதே பள்ளி மாணவர் ஒருவருக்கு 1967 செப்டம்பர் 1 என்று தேதியிட்டு லெனன் எழுதிய பதில் கடிதம் இருக்கிறது. பின்னாளில் ஏலத்துக்கும் வந்தது. அதன் சாரம் இது: நான் முதலில் எனக்காகத்தான் எழுதுகிறேன், ஒரு தமாஷுக்காக. பிறகு ஜனங்கள் அதில் என்ன கண்டாலும் அது செல்லும். ஆனால் அது என் மனதில் இருந்ததோடு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை. கலையைச் சுற்றிக் கட்டியிருக்கும் மர்மத்தைத்தான் உடைக்க வேண்டும்.

சிநேகிதனிடம் வீம்பு, முகம் தெரியாத பள்ளிப் பையனிடம் நிதானம். இரண்டும் ஒரே ஆள்தான். ரோலான் பார்த் 'ஆசிரியரின் மரணம்' என்ற கட்டுரையை வெளியிட்டதும் இதே 1967-இல். பாரிஸ் பேராசிரியர் நீட்டி முழக்கிச் சொன்னதில் பாதியை லிவர்பூல் பாடகர் ஒரு கடிதத்தில் முடித்துவிட்டார். இரண்டையும் படித்துப் பார்த்தால் பாடகரின் உரைநடையே மேல் என்பேன்.

சரி, பாட்டில் வருகிற சரக்கெல்லாம் எங்கிருந்து வந்தது? இதில் பெரும்பகுதி நமக்குத் தெரியும். பீட்டில்ஸின் வரலாற்றை எழுதிய ஹண்டர் டேவிஸ் அந்தக் காலத்தில் லெனன் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தவர். லண்டனுக்கு வெளியே வேபிரிட்ஜில் இருந்த அந்த வீட்டில் தூரத்துப் போலீஸ் வண்டியின் சைரன் கேட்டது. அந்த இரண்டு சுர ஊசலில் லெனன் சொற்களைக் கோத்தார். தோட்டத்தில் உட்கார்ந்திருப்பதைப் பற்றி ஒரு துண்டு, கார்ன்ஃப்ளேக்ஸ் பற்றி ஒரு துண்டு. தனித்தனியாகக் கிடந்த மூன்றும் ஒன்றாயின. முதல் வரி ஒரு வாரக் கடைசியில், அடுத்த வரி இன்னொரு வாரக் கடைசியில், இரண்டும் எல்எஸ்டி போதையில் என்று 1980-இல் லெனனே பேட்டியில் சொன்னார். பாப் டிலன் பூடகமாக எழுதித் தப்பித்துக்கொள்கிறார், அந்த ஆட்டத்தை நானும் ஆட முடியும் என்ற போட்டியும் உள்ளே இருந்தது. ஹரே கிருஷ்ணா பாடும் பென்குவின், கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கை மனதில் வைத்துச் செய்த கிண்டல். முட்டை மனிதர் யார் என்பதில் பாடகர் எரிக் பர்டன், அது நான்தான் என்று சுயசரிதையில் உரிமை கொண்டாடுகிறார். முட்டையை வைத்து நடந்த ஒரு படுக்கையறைச் சமாச்சாரம். பெரியவர்கள் இருக்கும் சபை, தாண்டிப் போய்விடுவோம்.

ஊற்றுகள் எல்லாம் கிடைத்துவிட்டன. அர்த்தம் கிடைத்ததா? இல்லை. பென்குவின் கின்ஸ்பெர்க் என்று தெரிந்துகொண்டு பாட்டைத் திரும்பக் கேளுங்கள். ஓர் இம்மியும் தெளிவாகாது. எது எங்கிருந்து வந்தது என்று கேட்பது ஒரு கேள்வி. வந்து சேர்ந்த இடத்தில் அது என்ன செய்கிறது என்று கேட்பது வேறு கேள்வி. ராக் பாட்டு ஆராய்ச்சியில் தொண்ணூறு சதவீதம் முதல் கேள்வியோடு படுத்துத் தூங்கிவிடுகிறது.

இரண்டாவது கேள்விக்குக் காகிதத்தில் பதில் இல்லை, காதில்தான் இருக்கிறது. பாட்டின் ஒலிப்பதிவு 1967 செப்டம்பர் 5 அன்று லண்டன் அபே சாலையில் உள்ள இஎம்ஐ ஸ்டூடியோவில் ஆரம்பித்தது. அதற்கு ஒன்பது நாள் முன்னால், ஆகஸ்ட் 27 அன்று, அவர்களுடைய மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் இறந்துபோனார். நான்கு பையன்களுக்குக் கோட்டு சூட்டு மாட்டி உலகத்தின் முன் நிறுத்திய மனிதர். அவர் போன பிறகு அவர்கள் ஸ்டூடியோவில் முதன்முதலாகக் கைவைத்த பாட்டு இதுதான். அன்று அவர்கள் முகம் வெறிச்சென்று இருந்ததாக ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக் பின்னாளில் எழுதினார். தமாஷுக்காக எழுதிய பாட்டு துக்க வீட்டில் பாடப்பட்டிருக்கிறது.

குரலைக் கவனியுங்கள். நிலாவிலிருந்து வருவது மாதிரி இருக்க வேண்டும் என்று லெனன் கேட்டார். மட்டமான மைக் ஒன்றைக் கொடுத்து, அதையும் தாங்க முடியாத அளவுக்கு ஏற்றி, குரலை நசுக்கி எடுத்தார் எமரிக். விளைவு, போலீஸ் ஒலிபெருக்கியில் ஒருவன் கத்துவது போல இருக்கிறது. கூடவே தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் எழுதிய பக்கவாத்தியம்: எட்டு வயலின், நான்கு செலோ, மூன்று ஹார்ன், அடித்தொண்டையில் உறுமும் ஒரு கிளாரினெட். பதினாறு பேர் கோரஸ், எட்டு ஆண், எட்டுப் பெண். மைக் சாம்ஸ் சிங்கர்ஸ் என்ற, டிவி நிகழ்ச்சிகளில் பண்பாகப் பாடிப் பிழைத்த குழு. அவர்களை ஊளையிடவும் கெக்கலிக்கவும் வைத்திருக்கிறார்.

மேற்கத்திய இசையில் மேஜர் கார்டு என்றால் வெளிச்சம், மைனர் என்றால் சோகம் என்று பொதுவாக ஒரு வழக்கு. இந்தப் பாட்டில் அத்தனையும் மேஜர் வகை. ஒரு மைனர் கூடக் கிடையாது. ஆனாலும் கேட்டால் வயிற்றில் ஏதோ புரள்கிறது. காரணம், அந்தக் கார்டுகள் ஒரு வீட்டைச் சேர்ந்தவை அல்ல. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும்போது எது ஆதார சுருதி என்று காது பிடிக்க முடியாமல் நழுவுகிறது. முடிவில் வயலின்கள் படிப்படியாக மேலே ஏற, பாஸ் படிப்படியாகக் கீழே இறங்க, சந்திக்கவே சந்திக்காமல் பாட்டு தேய்ந்து மறைகிறது. சொற்கள் பிடி கொடுக்காததும் சுருதி பிடி கொடுக்காததும் இரண்டு விஷயமில்லை. வாத்தியார், போலீஸ், சாமியார், பத்திரிகைக்காரர் என்று நீ இன்னார் என்று சொல்ல வருகிற ஒவ்வொருவரிடமிருந்தும் கையை உதறிக்கொண்டு நழுவுகிற ஒருவனின் கோபத்தை நான் இதில் கேட்கிறேன். இது என் வாசிப்பு. மறுக்கலாம், ஆனால் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மறுக்காதீர்கள்.

இன்னும் ஒரு காரியம் செய்தார்கள். செப்டம்பர் 29 அன்று மோனோ கலவை செய்துகொண்டிருந்தபோது ஒரு ரேடியோவை அதில் இணைத்து நிலையங்களைத் திருப்பினார்கள். முள் போய் நின்ற இடத்தில் பிபிசி மூன்றாம் அலைவரிசை ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' நாடகத்தை ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. நான்காம் அங்கம், ஆறாம் காட்சி. எட்கர் கையால் ஆஸ்வால்ட் சாகிறான். கண்ணிழந்த கிளாஸ்டர் ஆள் போய்விட்டானா என்று கேட்கிறார். அது அப்படியே பாட்டின் வாலில் பதிவாகிவிட்டது. அந்த ரேடியோ தனித் தடத்தில் இல்லை, நேரே கலவைக்குள் போய்விட்டது. அதனால் பின்னால் ஸ்டீரியோ தயாரித்தபோது பிரித்தெடுக்க வழியில்லை. முன்பாதி உண்மையான ஸ்டீரியோ, பின்பாதி மோனோவையே ஜோடித்துப் பண்ணிய போலி ஸ்டீரியோ. பழைய ஸ்டீரியோ பதிப்பை ஹெட்போனில் கேட்டால் ஏறத்தாழ இரண்டாவது நிமிடத்தில் சத்தம் திடீரென்று குறுகுவது தெரியும்.

இப்போது உரைகாரருக்குத் தர்மசங்கடம். ஷேக்ஸ்பியர் இந்தப் பாட்டின் அர்த்தத்தில் சேர்த்தியா? அது லியர் அரசன் என்பதே வேறொருவர் பின்னால் சொல்லித்தான் தனக்குத் தெரியும் என்றார் லெனன். அதனால் சேர்த்தி இல்லை என்று சொல்லிவிட முடியுமா? முள் அங்கே போய் நின்றது தற்செயல்; அதை அழிக்காமல் வைத்துக்கொண்டது தற்செயல் இல்லை. கிடைத்ததைக் கேட்டு, இது இருக்கட்டும் என்று சொல்வதும் படைப்பில் ஒரு வேலைதான். பாட்டில் உள்ளாடை பற்றி ஒரு சொல் வருகிறது என்பதற்காகப் பிபிசி இதை ஒலிபரப்பாமல் ஒதுக்கிவைத்தது. தன் நாடகத்தின் துண்டு உள்ளே இருக்கிற பாட்டை அந்த நிலையமே தடுத்தது. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று இந்தப் பாட்டு இடம்பெற்ற 'மேஜிக்கல் மிஸ்டரி டூர்' படத்தைக் காட்டியதும் பிபிசி தொலைக்காட்சிதான். வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் காட்டி அதையும் பாழாக்கினார்கள் என்பது வேறு கதை.

அந்த நாடகத் துண்டில் சாவு இருக்கிறதே, அதுதான் அடுத்த வினைக்கு விதை. 1969 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் ஒரு வதந்தி கிளம்பியது: பால் மெக்கார்ட்னி எப்போதோ கார் விபத்தில் செத்துவிட்டார், இப்போது இருப்பது ஜாடை ஒத்த வேறு ஆள், மற்ற மூவரும் பாடல்களில் துப்பு ஒளித்துவைத்திருக்கிறார்கள். அக்டோபர் 12 அன்று டெட்ராய்ட் வானொலி ஒன்றில் ரஸ் கிப் என்ற அறிவிப்பாளர் நேயரின் தொலைபேசி அழைப்பை வைத்து இதை ஊதிவிட்டார். இரண்டு நாள் கழித்து மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் நாளேட்டில் ஃப்ரெட் லபூர் என்ற மாணவர், 'அபே ரோட்' இசைத்தட்டுக்கு மதிப்புரை என்ற பெயரில் முழு இரங்கல் கதையே எழுதினார். பாதிக்கு மேல் அவர் கற்பனை. மாற்று ஆளுக்குப் பெயரும் அவரே சூட்டினார். ஊர் நம்பிவிட்டது. வால்ரஸ் என்றால் கிரேக்க மொழியில் பிணம் என்று ஒரு புரளி. அப்படி ஒன்றும் கிடையாது. லியர் நாடகத்தின் சாவுக்காட்சி முதல்தரச் சாட்சியாயிற்று.

அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று இதை நீதிமன்ற விசாரணை போல நடத்தியது. குறுக்கு விசாரணை செய்ய வந்தவர் பிரபல வழக்கறிஞர் எஃப். லீ பெய்லி. ஒத்திகையின்போது லபூர், ஐயா, நான் இட்டுக்கட்டினேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டார். ஒரு மணி நேர நிகழ்ச்சியை நிரப்ப வேண்டும், அதனால் ஒத்துப்போய்விடு என்றாராம் பெய்லி. செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவர் ஸ்காட்லாந்துப் பண்ணை வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தார். நவம்பரில் 'லைஃப்' பத்திரிகைக்குப் படமும் பேட்டியும் கொடுத்தார். அப்போதும் நம்பாதவர்கள் இருந்தார்கள்.

இதைக் கிறுக்குத்தனம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்தக் கிறுக்குக்கும் வகுப்பறை ஆராய்ச்சிக்கும் ஒரே வேர். பாட்டு ஒரு பூட்டு, எங்கோ ஒரு சாவி இருக்கிறது, கிடைத்துவிட்டால் பாட்டைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு பூட்டைத் தூக்கி எறிந்துவிடலாம் என்கிற எண்ணம். அது முற்றிப்போனால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதே 1969-இல், கலிபோர்னியாவில் ஒரு கூட்டத்துக்குத் தலைவனாக இருந்த சார்ல்ஸ் மேன்சன் சாட்சி. பொருட்காட்சியில் குழந்தைகள் சறுக்கி விளையாடும் கோபுரத்தின் பெயர் கொண்ட ஒரு பீட்டில்ஸ் பாட்டில் இனப்போருக்கான கட்டளை இருப்பதாக அவன் தன் கூட்டத்தாரிடம் சொன்னான் என்பது கொலை வழக்கில் அரசுத் தரப்பு வைத்த வாதம். அந்தக் கூட்டத்தார் கொலைகள் செய்தது உண்மை. அதற்கு மேல் இங்கே அதைப் பேச வேண்டாம்.

லெனன் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. 1968-இல் 'கிளாஸ் ஆனியன்' என்ற பாட்டில், வால்ரஸ் உண்மையில் பால்தான் என்று துப்புக் கொடுப்பது போல ஒரு போடு போட்டார். வேண்டுமென்றே வைத்த பொய். மறு ஆண்டு சாவு வதந்திக்காரர்களுக்கு அது தானாக வந்த தீனி. 1970-இல் தனியாகப் போன பிறகு 'காட்' என்ற பாட்டில், வால்ரஸாக இருந்தது நான்தான், இப்போது வெறும் ஜான் என்று கணக்கை முடித்தார். விளையாட்டை ஆரம்பித்தவரே அலுத்துப்போய் நிறுத்தினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்போது வால்ரஸுக்கே வருவோம். அது லூயிஸ் கரோல் 1871-இல் வெளியிட்ட 'கண்ணாடிக்குள்ளே' ஆலிஸ் கதையிலிருந்து வந்தது. அதில் வரும் இரட்டையரில் ஒருவன் ஒரு கதைப் பாட்டுச் சொல்கிறான். வால்ரஸும் ஒரு தச்சனும் கடற்கரையில் நடக்கிறார்கள். வாருங்கள், பேசிக்கொண்டே உலாவலாம் என்று சிப்பிகளை நைச்சியமாக அழைத்துக்கொண்டு போய், வரிசையாக நிற்கவைத்து, ரொட்டியோடு தின்றுவிடுகிறார்கள். வால்ரஸ் அழுதுகொண்டே தின்கிறது.

பாட்டு முடிந்ததும் ஆலிஸ் உரை சொல்ல ஆரம்பிக்கிறாள். கொஞ்சமாவது வருத்தப்பட்டதே, அதனால் வால்ரஸ் தேவலை என்கிறாள். ஆனால் அதுதான் அதிகம் தின்றது, எத்தனை தின்கிறது என்று தெரியாமலிருக்கக் கைக்குட்டையை முன்னால் பிடித்துக்கொண்டது என்கிறான் ஒருவன். அப்படியானால் தச்சன் தேவலை என்கிறாள். அவனும் கிடைத்த மட்டும் தின்றவன்தான் என்கிறான் இன்னொருவன். ஆலிஸுக்குச் சற்று நேரம் வாய் அடைத்துப் போகிறது. உரை எழுதும் நம் எல்லாருடைய நிலைமையையும் சில வாக்கியங்களிலேயே ஒரு கணித ஆசிரியர் எழுதிவைத்துவிட்டார். அதே புத்தகத்தில், புரியாத கவிதை ஒன்றுக்குச் சொல் சொல்லாகப் பதவுரை சொல்லுகிற ஒரு பண்டிதரும் வருகிறார். அவர் ஹம்ப்டி டம்ப்டி, ஒரு முட்டை. லெனனின் முட்டை மனிதர் இவர்தான் என்பது என் கட்சி. நிரூபிக்க முடியாது, ஆனால் பர்டனின் கதையை விட இது சபைக்கு ஏற்றது.

தச்சன் என்றதும் ஏசுநாதர், வால்ரஸ் என்றதும் இன்னொரு மதம் என்றெல்லாம் கரோலுக்கும் உரை வந்திருக்கிறது. அதைக் கவிழ்க்க ஒரே ஒரு தகவல் போதும். படம் வரைந்த ஜான் டென்னியலிடம் கரோல் மூன்று பேரைச் சொல்லி, தச்சனா, வண்ணத்துப்பூச்சியா, பிரபுவா, எதை வரையச் சௌகரியம் என்று கேட்டார். ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே அசைக் கணக்கு. டென்னியல் தச்சனைத் தேர்ந்தெடுத்தார். அவர் கை வேறு மாதிரி போயிருந்தால் சிப்பி தின்றது வண்ணத்துப்பூச்சி.

லெனன் இந்த நுணுக்கமெல்லாம் பார்க்காமல் வால்ரஸைத் தூக்கிக்கொண்டார். பிற்பாடு கதையைத் திரும்பப் படித்து, ஐயோ, வால்ரஸ் கெட்டவன் அல்லவா, நான் தச்சன் என்று பாடியிருக்க வேண்டும் போலிருக்கிறதே என்று 1980-ஆம் வருடப் பேட்டியில் சொல்லிச் சிரித்தார். ஆனால் அப்படிப் பாடியிருந்தால் அது இதே மாதிரி இருந்திருக்காது என்றும் உடனே சொன்னார். நான் அவர் கட்சி. அந்தச் சைரன் சத்தத்தின் மேல் தச்சனை உட்காரவைத்து வாயால் ஒரு முறை பாடிப் பாருங்கள். ஆள் சறுக்கி விழுந்துவிடுவார்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். வால்ரஸ் யார் என்ற ஒன்றைத் தவிர.